பத்துத் தப்படி

பாராட்டப்போகிறார்கள் என்று கேட்டுப் பயந்துபோன மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் கோட்டண்ணன்தான். ஓய்வு பெறப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை தேசியப் பெண்கள் அணி ஆடப்போகும் போட்டிக்கு முன்னால், நடு மைதானத்தில் வைத்து, அவருக்கு ஒரு பித்தளைக் கேடயம் கொடுக்கப் போகிறார்களாம். அதில் பொறிக்க வேண்டிய வாசகத்தைச் செயலாளர் வாசித்தும் காட்டினார்: "முப்பத்தொரு ஆண்டுகள். ஓர் அங்குலம் பிசகாத கோடுகள்."

"நம்ம பெண்கள் டீம் கோச்சம்மாவே உட்கார்ந்து எழுதினது. எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கோட்டண்ணன் வெளியே வந்தார். நேராகக் கருவி அறைக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அவருடைய வேலை மைதானத்தில் கோடு போடுவது. சங்கத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செயலாளர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் அவர் கோட்டண்ணன்தான். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒற்றைச் சக்கர வண்டியில் ஊற்றுவார். இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுவார். பிறகு நூலோடு நூலாக நடப்பார், மூச்சுகூட அளந்துதான் விடுவார். அந்தக் காலத்தில் சுண்ணாம்பு தெறித்து முழங்கால் வரைக்கும் தோல் வெந்திருக்கும். இப்போது எல்லாம் பெயின்ட், கஷ்டமில்லை. "ஊருக்கெல்லாம் நேரா கோடு போடுறாரு. வீட்டுச் செவுத்துல ஒரு ஆணிய நேரா அடிக்கச் சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான். வீட்டில் அவர் அடித்த ஆணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நூல் கட்டாமல், நாடா பிடிக்காமல் அளக்கவும் அவருக்குத் தெரியும். அவருடைய தப்படி ஒன்று ஏறக்குறைய மூன்று அடி. பன்னிரண்டு தப்படி வைத்தால் பதினோரு மீட்டர். அதுதான் கோல் கோட்டிலிருந்து பெனால்டி புள்ளிக்கு உள்ள தூரம். அந்தப் புள்ளியில் பந்தை வைத்து, எதிரே கோல்கீப்பர் ஒருவரை மட்டும் நிறுத்தி அடிப்பதுதான் பெனால்டி. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் பன்னிரண்டாவது தப்படியில் சரியாக நிற்பேன் என்று கோட்டண்ணன் பந்தயம் கட்டுவார். கட்டிய பந்தயத்திலெல்லாம் ஜெயித்தும் இருக்கிறார். அதனால்தான் அவர் செய்த காரியத்தைத் தவறுதல் என்று சொல்லி நம்மால் விட்டுவிட முடியவில்லை.

பெண்கள் அணி முதல்முதலாக வந்தது இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். பதினேழு பேர். பெரிய மைதானத்தில் அவர்களைக் கால்வைக்க விடவில்லை, புல் கெட்டுப்போகுமாம். ஆண்கள் ஓடினால் கெடாத புல் பெண்கள் ஓடினால் கெடும் என்று கண்டுபிடித்த மகானுக்குச் சங்கம் பதவி உயர்வு கொடுத்தது. பின்பக்கம் வாகனங்கள் நிறுத்துகிற கட்டாந்தரையில் இரண்டு பழைய கோல் கம்பங்களை நட்டு, அதுதான் உங்கள் மைதானம் என்றார்கள். உடை மாற்ற அறை கிடையாது. கோட்டண்ணனுடைய கருவி அறையில், சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவில், ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் மாற்றிக்கொண்டார்கள். போட்டுக்கொண்ட சட்டைகள் ஆண்கள் அணி கழித்துப் போட்டவை. கை விரல் நுனி வரைக்கும் தொங்கும்.

பின்மைதானத்துக்குச் சுண்ணாம்பை வீணாக்க வேண்டாம், சுற்றுக் கோடும் பெனால்டி புள்ளியும் போதும் என்றது அலுவலகம். கோட்டண்ணன் சுற்றுக் கோட்டைப் போட்டு முடித்தார். பிறகு கோல் கோட்டில் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று எண்ணிக்கொண்டே நடந்தார். பத்தாவது தப்படியில் நின்றார்.

ஏன் நின்றார்? யாரும் நிற்கச் சொல்லவில்லை. டீக்கடையில் காலையில் ஒரு கேலி ஓடியிருந்தது: அந்தப் பிள்ளைகள் அடிக்கிற பந்து கோல் வரைக்கும் போய்ச் சேர பஸ் பிடிக்க வேண்டும் என்று. எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்திருந்தார். ஆனால் புள்ளியைக் குத்தும்போது அவர் மனதில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. பாவம், பொம்பளப் பிள்ளைங்கதானே, பந்து வலைக்குள் போனால் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தார். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார். இன்றைக்கு அவருக்கு ஆறாமல் இருப்பது அந்தத் தூக்கம்தான்.

அந்தப் பதினேழு பேரில் ஒருத்திக்கு லெஃப்டு என்று பட்டப்பேர். இடது காலால் அடிப்பாள். பத்தொன்பது வயது, குச்சி மாதிரி உடம்பு. பெனால்டி அவள்தான் அடிப்பாள், ஒரே மாதிரிதான் அடிப்பாள்: வலது மூலை, குறுக்குக் கம்பிக்கு ஒரு சாண் கீழே. கோல்கீப்பருக்கு எட்டவே எட்டாது. எட்டு மாதம், தினமும் நாற்பது பந்து. அவர்களுக்குப் போய் ஆட வேறு மைதானம் கிடையாது, வந்து ஆட வேறு அணியும் கிடையாது. பயிற்சியாளர் என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவர் நிழலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படிப்பார். பந்து பொறுக்கிப் போட்டதெல்லாம் கோட்டண்ணன்தான்.

"அண்ணே, கண்ணை மூடிட்டு அடிக்கட்டுமா?" என்பாள் லெஃப்டு. மூடிக்கொண்டு அடிப்பாள். உள்ளே போகும். கோட்டண்ணன் வாய்விட்டுச் சிரித்துக் கை தட்டுவார். அந்தக் காலுக்குத் தான் குத்திய பொய்ப் புள்ளி பாடமாகிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு உறைக்கவே இல்லை. பத்துத் தப்படியை அவர் மறந்தே போயிருந்தார்.

முதல் சர்வதேசப் போட்டி பெரிய மைதானத்தில் நடந்தது. அன்று காலை கோட்டண்ணன்தான் கோடு போட்டார், நாடா பிடித்து, அரை விரற்கடை பிசகாமல். நடுவர் வந்து அளந்து பார்ப்பார், விளையாட்டில்லை. வேடிக்கை பார்க்க நாலாயிரம் பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் சிரிக்க வந்தவர்கள். ஆனால் ஒரு மணி நேரம் ஆனபிறகு யாரும் சிரிக்கவில்லை. கோல் விழாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. எண்பதாவது நிமிடத்தில் நம் அணிக்குப் பெனால்டி கிடைத்தது.

லெஃப்டு பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். புள்ளியில் வைத்தாள். நிமிர்ந்து கோலைப் பார்த்தாள், குனிந்து புள்ளியைப் பார்த்தாள், மறுபடியும் கோலைப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்தவள் நாற்காலி இடம் மாறியிருப்பதைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. மூலையில் வண்டியோடு நின்றிருந்த கோட்டண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கத்தியிருக்கலாம். என்னவென்று கத்துவது?

அவள் எப்போதும்போலத்தான் அடித்தாள். கால் அதே கால், வேகம் அதே வேகம். மேலேறிக்கொண்டே வந்து பத்துத் தப்படியில் கம்பிக்கு ஒரு சாண் கீழே போகிற பந்து பன்னிரண்டு தப்படியில் எங்கே போகும்? கம்பியில் மோதி 'டங்'கென்று திரும்பி வந்தது. வந்த பந்தை எதிரணி கொண்டுபோய் ஆறாவது நொடியில் கோல் போட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம். சிரிக்க வந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கோட்டண்ணன் மண்வெட்டியோடு பின்மைதானத்தில் இருந்தார். பழைய புள்ளியைக் கொத்திப் போட்டு மண்ணை மிதித்துச் சமன் செய்தார். பன்னிரண்டு தப்படி வைத்துப் புதுப் புள்ளி குத்தினார். நிமிர்ந்தால் லெஃப்டு நிற்கிறாள், கையில் பந்து, கண் இரண்டும் வீங்கி.

"புதுசா வைக்கிறீங்களா அண்ணே?"

"அழிஞ்சு போச்சும்மா. அதே இடத்துலதான் வச்சேன்."

அதே இடம். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை, பாருங்கள். அவள் பந்தை வைத்து அடித்தாள். கம்பிக்கு மேலே போனது. இன்னொன்று அடித்தாள். கம்பியில் பட்டது. பதினைந்து பந்து அடித்திருப்பாள், ஒன்றோ இரண்டோ உள்ளே போயிருக்கும். கடைசியில் நிறுத்திவிட்டுத் தன் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முந்தாநாள் வரைக்கும் இதே இடத்துலருந்து போச்சேண்ணே?"

"அசதியா இருக்கும்மா" என்றார் கோட்டண்ணன். சொல்லிவிட்டுப் பந்து பொறுக்கப் போனார், அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்பதற்காக.

ஒரு வாரம் கழித்து விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். அன்றைய செயலாளர், நிழலில் செய்தித்தாள் படித்த பயிற்சியாளர், லெஃப்டு, கோட்டண்ணன். "பின் கிரவுண்டுல எல்லாம் அளவுப்படிதானே?" என்று செயலாளர் கேட்டார். "அளவுப்படிதாங்க சார்" என்றார் கோட்டண்ணன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று லெஃப்டுகூடத் தலையை ஆட்டினாள். மைதானத்தில் குறையில்லை என்றால் குறை பெண்களுடையதுதானே? பெண்களுக்குக் காலில் பலம் போதாது, இன்னும் தயாராகவில்லை என்று எழுதி அணியைக் கலைத்தார்கள். ஆறு வருடம் அணியே இல்லை. பதினேழு பேரும் துணிக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கலைந்து போனார்கள். பின்மைதானத்தில் மறுபடியும் வாகனங்கள் நின்றன.

கோட்டண்ணன் அதற்கப்புறம் கண்ணை மூடித் தப்படி வைத்துக் காட்டுகிற பந்தயத்தை விட்டுவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று தெரியும். தனக்குப் பிறந்தது இரண்டும் மகள்களாக இருக்க, அந்த மனைவி முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

ஆறு வருடம் கழித்து, பெண்கள் அணி இல்லாத நாட்டின் ஆண்கள் அணியும் வெளியே ஆட முடியாது என்று சர்வதேச மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. உடனே சங்கத்துக்குப் பெண்கள்மேல் பாசம் பொங்கிவிட்டது. அணி திரும்ப வந்தது. பழைய பதினேழில் திரும்பி வந்தவள் லெஃப்டு ஒருத்திதான். அதுவரை ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். முன்வரிசையில் ஆடியவள் இப்போது பின்வரிசையில் ஆடினாள். நம் அணிக்குப் பெனால்டி கிடைத்தால் கோலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். பிறகு உதவிப் பயிற்சியாளர், பிறகு தலைமைப் பயிற்சியாளர். அவள் சண்டை போட்டுப் போட்டுத்தான் பெரிய மைதானம் கிடைத்தது, உடை மாற்றும் அறை கிடைத்தது, உடம்புக்குச் சரியாகத் தைத்த சட்டைகள் கிடைத்தன. நாலாயிரம் பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது இருபதாயிரம் பேர் உட்காருகிறார்கள், சிரிக்க யாரும் வருவதில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் அவள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கியிருந்தாள். பெனால்டி பழகுமுன் ஒவ்வொருத்தியும் கோல் கோட்டில் நின்று, சத்தமாக எண்ணிக்கொண்டே புள்ளி வரைக்கும் நடக்க வேண்டும். காலுக்குத் தகுந்தபடி ஒருத்திக்குப் பன்னிரண்டு வரும், இன்னொருத்திக்குப் பதினான்கு வரும். பத்தில் யாரும் நின்றதில்லை. கருவி அறையில் உட்கார்ந்திருக்கும் கோட்டண்ணன் காதில் அந்த எண்ணிக்கை விழும். "எட்டு, ஒம்பது, பத்து..." என்று வரும்போது கையிலிருப்பதை அப்படியே வைத்துவிடுவார். இவளுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் என்னைத் தினமும் குத்துகிறாள் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. குத்தட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று இருந்தார். ஒருவகையில் அதுவே அவருக்குத் தெம்பாகவும் இருந்தது. தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாள் அல்லவா?

அப்படிப்பட்டவள் 'ஓர் அங்குலம் பிசகாத கோடுகள்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இருபதாயிரம் பேர் முன்னால் அதைக் கையில் வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். மனைவியும் மகள்களும் முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். என்னால் முடியாது என்று கோட்டண்ணன் முடிவு செய்ய நான்கு நாள் ஆனது. சனிக்கிழமை மத்தியானம் உடை மாற்றும் அறைக்குப் போனார்.

லெஃப்டு தனியாக இருந்தாள். கொக்கிகளில் எண் வரிசையாகச் சட்டைகள் தொங்கின. அவள் மறுநாள் ஆடும் பதினொருவர் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. உட்காருங்க. நாளைக்கு ஹீரோ நீங்கதான்."

அவர் உட்காரவில்லை. அவள் தலைமைப் பயிற்சியாளர் ஆன நாளிலிருந்து அவர் அவளை 'நீங்க' என்றுதான் சொல்வார், அவள் எவ்வளவு தடுத்தாலும். "அந்தக் கேடயம் வேண்டாம்மா. நீங்க மனசுல வச்சுக்கிட்டுத்தான் அப்படி எழுதினீங்கன்னு புரியுது. இத்தனை வருஷம் வெளியே சொல்லாம இருந்ததே பெருசு. ஊர் முன்னால வச்சு வேண்டாம்."

"என்ன மனசுல வச்சுக்கிட்டேன்?"

"அந்தப் புள்ளி."

"எந்தப் புள்ளி அண்ணே?"

கோட்டண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. கேட்கிற முகம்தான் அது, தெரிந்துகொண்டே கேட்கிற முகம் இல்லை. அவளுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாகத் தெரியாது.

"ஒண்ணுமில்லம்மா. வயசாச்சு, என்னமோ உளர்றேன்" என்று சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அப்படியே போயிருந்தால் கதை முடிந்திருக்கும், கேடயமும் கிடைத்திருக்கும். வெளியே பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எண்ணுகிற சத்தம் கேட்டது. "ஒம்பது, பத்து, பதினொண்ணு..."

அவர் திரும்பினார். "பிள்ளைங்களை எதுக்கும்மா எண்ணச் சொல்றீங்க?"

"அதுவா? அன்னைக்குக் கம்பியில அடிச்சதுலருந்து எனக்கு என் கண்ணு மேல நம்பிக்கை போயிடுச்சுண்ணே. தூரத்தைத் தப்பாப் பார்க்குறேன்னு தோணும். நடந்து எண்ணினாத்தான் மனசு அடங்கும். அது அப்படியே பழக்கமாயிடுச்சு."

"கண்ணு சரியாத்தான் இருந்துச்சு" என்றார் கோட்டண்ணன். "பின் கிரவுண்டுல புள்ளிய நான் பத்துத் தப்படியில வச்சிருந்தேன். எட்டு மாசமும் நீ பத்துலதான் அடிச்சே. மறுநாள் காலைல கொத்திப் போட்டுட்டுப் பன்னெண்டுல வச்சேன். அதே இடம்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். ஆபீஸ்லயும் பொய் சொன்னேன்."

அவள் பேனாவை மூடிப் பட்டியலின்மேல் வைத்தாள். கோட்டண்ணன் சட்டைகளின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பத்து?"

இந்தக் கேள்விக்கு அவர் மனதுக்குள் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தார். கவனப் பிசகு, வெயில், அவசரம். ஒன்றும் வாயில் வரவில்லை. "பொம்பளப் பிள்ளைங்கதானேன்னு..." என்றார். அதற்குமேல் வாக்கியம் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை.

"பாவம்னு நினைச்சீங்களா?"

"ஆமாம்மா."

"எங்கப்பா அன்னைக்கு மேட்ச் பார்க்க வந்திருந்தாரு" என்றாள் லெஃப்டு. குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "அதுக்கப்புறம் அவரு ஒரு மேட்சுக்கும் வரல. 'உனக்குக் கால்ல பலம் பத்தாதும்மா, விட்டுரு'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. நானும் ஆமாம்ப்பான்னு சொல்லிட்டேன். நான் கோச் ஆனதைப் பார்க்க அவரு இல்ல. மத்த பதினாறு பேரு, என்னாலதான் டீமே போச்சுன்னு அவங்க யாரும் சொன்னதில்ல. நான்தான் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன்."

கோட்டண்ணன் அழுதார். அறுபது வயது மனிதர் பிள்ளைகளின் சட்டைகளுக்கு நடுவில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுவது பார்க்க நன்றாக இருக்காது. அவள் ஆறுதல் சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. "போங்கண்ணே. பிள்ளைங்க மீட்டிங்குக்கு வந்துருவாங்க" என்றாள்.

கேடயம் போனது, விஷயம் செயலாளர் காதுக்குப் போகும், திங்கட்கிழமை கடிதம் வரும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். வெட்கத்துக்கு நடுவில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. வீட்டில் மனைவி நாற்காலிமேல் ஏறிக் கேடயம் மாட்டக் கூடத்துச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "உங்களை நம்பினா கோணலாத்தான் தொங்கும். அதான் நானே அடிக்கிறேன்" என்றார். கடிதம் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கோட்டண்ணன் விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை அவர் கடைசிக் கோட்டைப் போட்டார். பெனால்டி புள்ளியை நாடா பிடித்து மூன்று தரம் அளந்தார். சாயங்காலம் அரங்கம் நிரம்பியது. அணிகள் வரிசையாக நின்றன. ஒலிபெருக்கியில் அவர் பெயர் வந்தது, சங்கத்தில் யாரும் சொல்லாத அவருடைய சொந்தப் பெயர். ஒரு நொடி அது யாரென்று அவருக்கே புரியவில்லை. செயலாளர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நடு மைதானத்தில் லெஃப்டு கேடயத்தோடு நின்றிருந்தாள். பொறித்த எழுத்துகள் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன. ஒரு வார்த்தை மாற்றவில்லை.

அவர் கையை நீட்டவில்லை. "வேண்டாம்மா" என்று முணுமுணுத்தார். "இது எனக்குச் சேராது."

அவள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்த முகத்தை மாற்றாமலே, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "எனக்குச் சேராத பழியை இருபத்திரண்டு வருஷம் நான் வாங்கி வச்சிக்கலையா? வாங்கிக்கங்கண்ணே. கொண்டுபோய் வீட்டுல மாட்டுங்க."

கோட்டண்ணன் வாங்கிக்கொண்டார். இருபதாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். முன்வரிசையில் மனைவியும் மகள்களும் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்கள்.